அத்தியிலையும் தோலாடையும்

1

கனியைத் தின்றதும் அவர்கள் அழவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. ஒருவர்மேல் ஒருவர் பழிபோடுவதுகூடப் பிறகுதான். முதலில் உட்கார்ந்து தைத்தார்கள். ஆதியாகமத்தில் மனிதக் கை செய்த முதல் பொருள், அத்தியிலைகளைக் கோத்த அரையாடை. அதற்கு முன் ஆதாம் விலங்குகளுக்குப் பெயரிட்டான். தோட்டத்தைப் பண்படுத்திக் காக்கும் பொறுப்பும் அவனுக்கு இருந்தது. ஆனால் எதையும் செய்து முடித்ததாக வேதத்தில் இல்லை. முதல் கைவேலையே மறைக்கும் வேலை.

அதற்குச் சற்று முன்னால்தான், அவர்கள் ஆடையில்லாமல் இருந்ததையும் அதில் கூச்சம் இல்லாததையும் கதை சொல்பவர் குறிப்பிடுகிறார். அவருக்குத் தெரிகிறது, அவர்களுக்குத் தெரியாது. கள்ளமின்மையின் இயல்பே அதுதான். இருக்கும்வரை இருப்பவனுக்குத் தெரியாது, தெரிகிறபோது இருக்காது. "எனக்குச் சூதுவாது எதுவும் தெரியாது" என்று ஒருவர் தானே சொல்லிக்கொண்டால், நம் கை தன்னால் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கிறது.

2

வேதத்தில் வரும் அத்தி நம் ஊர் ஆற்றோரத்து அத்தி இல்லை. பழத்தைக் காயவைத்துச் சரமாகக் கோத்துக் கடைகளில் விற்கிறார்களே, அந்தச் சீமை அத்தி. இலை நன்றாக அகன்று, விரல் விரலாகப் பிளந்திருக்கும். பார்த்தால் ஆடைக்கு வாகானது என்றே தோன்றும். தொட்டால் சொரசொரப்பு. காம்பைக் கிள்ளினால் பால் வடியும். அந்தப் பால் பட்ட தோலில் வெயிலும் பட்டால் சிவந்து தடித்து எரியும், கொப்புளம்கூடக் கிளம்பும்.

இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லியோன் நகர ஆயராக இருந்த இரனேயு இதைக் கவனித்திருக்கிறார். இளமையில் சிமிர்னாவில் இருந்தவர். இன்றைய துருக்கியின் இஸ்மிர், அத்திக்குப் பேர்போன மண். உடம்பை இவ்வளவு உறுத்தாத இலைகள் எத்தனையோ இருக்க, ஆதாம் ஏன் இதை எடுத்தான் என்று கேட்கிறார். மனம் வருந்தி, தன்னைத் தானே வருத்திக்கொள்ளத்தான் எடுத்தான் என்பது அவர் பதில். விட்டிருந்தால் கடைசிவரை அதையே உடுத்திக்கொண்டு திரிந்திருப்பான். ஆண்டவர்தான் இரங்கி, அதற்குப் பதிலாகத் தோலாடை உடுத்தினார் என்கிறார்.

தவறு செய்தவன் தனக்குத் தானே தைத்துக்கொள்ளும் ஆடைக்கு இரண்டு குணம்: வெளியே மறைக்கும், உள்ளே அரிக்கும். குற்ற உணர்ச்சி என்று நாம் சொல்வதில் பாதி இதுதான். ஊருக்கு ஒன்றும் தெரியாது. போட்டிருப்பவனுக்கு ஒரு நிமிடம் நிம்மதி கிடையாது.

3

இரனேயுவின் ஏதேனில் ஆதாமும் ஏவாளும் பிள்ளைகள். படைக்கப்பட்டுக் கொஞ்ச காலம்தான் ஆகியிருக்கிறது, இனிமேல்தான் வளரவேண்டும். அவர்களிடம் இருந்தது பிள்ளைகளின் கள்ளமின்மை. விழாமல் வளர்ந்திருந்தாலும் அதைத் தாண்டித்தான் போயிருப்பார்கள். பிழை, வளர்ந்ததில் இல்லை. கை பிடித்து நடத்தியவரை உதறிவிட்டு ஓடியதில்.

மேற்கத்தியத் திருச்சபையில் ஆழமாக வேர்விட்டது வேறொரு படம். அகுஸ்தினார் காட்டும் ஆதாம் எல்லா நிறைவும் பெற்ற பெரிய மனிதன். உச்சியில் நின்று விழுந்தவன். அவனுக்குள் இருந்த நாம் அத்தனை பேரும் அவனோடு விழுந்தோம். முதல் படத்தில் மீட்பு என்றால் பாதியில் நின்ற வளர்ச்சி நிறைவடைவது. இரண்டாவதில், மூழ்கியவனைத் தூக்கிக் கரைசேர்ப்பது. என்னைப் பொறுத்தவரை, பிறரைப் பார்க்கும்போது முதல் படம் சரி என்று படுகிறது; தனியே இருக்கும்போது இரண்டாவது.

4

அகுஸ்தினார் 354இல் தகாஸ்தேயில் பிறந்தார். இன்று அந்த ஊர் அல்ஜீரியாவின் சூக் அஹ்ராஸ். 16 வயதில் ஒரு ராத்திரி கூட்டாளிகளோடு போய், பக்கத்துத் தோட்டத்து மரத்தை உலுக்கிப் பேரிக்காய் திருடினார். ஆயரான பிறகு, நாற்பதைத் தாண்டிய வயதில் எழுதிய தன் வாழ்க்கைக் கதையில் அந்தத் திருட்டைப் பக்கம் பக்கமாகத் துருவுகிறார். பெரிய தவறுகள் எத்தனையோ செய்தவர், ஒரு கூடைக் காயை விடமாட்டேன் என்கிறார்.

துருவினாலும் காரணம் அகப்படவில்லை. பசியில்லை. வீட்டில் இதைவிட நல்ல காய் இருந்தது. தின்றது கொஞ்சம், மற்றதைப் பன்றிகளுக்கு எறிந்தார்கள். தனியாக இருந்தால் செய்திருக்கவே மாட்டேன், கூட இருந்தவர்களின் சிரிப்புதான் இழுத்தது என்று ஓரிடத்தில் வந்து நிற்கிறார், அதுவும் போதவில்லை. அவரை அச்சுறுத்தியது இந்த வெறுமைதான். பசிக்குத் திருடியவனுக்குப் பசி என்ற துணியாவது உண்டு. இவருக்குப் போர்த்திக்கொள்ள ஒரு காரணம்கூட இல்லை.

அதற்கும் முந்தைய பகுதியில், இன்னும் பேச்சு வராத ஒரு குழந்தையைக் காட்டுகிறார். அதே மார்பில் பால் குடிக்கும் இன்னொரு குழந்தையை அது முகம் வெளிறி, கடுகடுவென்று முறைக்கிறது. பால் இருவருக்கும் போதும். ஆனால் பங்கு பிடிக்கவில்லை. குழந்தையிடம் குற்றம் இல்லை என்று நாம் சொல்வது கைகால்களில் பலம் இல்லாததால்தான் என்கிறார். தலைச்சனுக்கு அடுத்ததாக ஒன்று பிறந்த எந்த வீட்டிலும் இந்த முறைப்பைப் பார்த்திருப்பார்கள். அதைப் பாவம் என்று சொல்லலாமா என்பது வேறு கேள்வி.

5

அந்த வேறு கேள்விதான் வட ஆப்பிரிக்காவையும் ரோமையும் கலக்கியது. பிரித்தானியாவிலிருந்து வந்த துறவி பெலாஜியுவும் அவரைச் சேர்ந்தவர்களும், ஆதாம் விழுமுன் இருந்த நிலையில்தான் ஒவ்வொரு குழந்தையும் பிறக்கிறது என்றார்கள். அகுஸ்தினார் திருப்பிக் கேட்டார்: பச்சைப் பிள்ளைக்கும் பாவமன்னிப்புக்காக ஞானஸ்நானம் கொடுக்கிறோமே, பாவமே இல்லையென்றால் எதைக் கழுவுகிறோம்? 418இல் கூடிய கார்த்தேஜ் சங்கம் அவர் பக்கம் நின்றது. எக்லானம் ஆயர் யூலியன் மட்டும் விடவில்லை. பிறந்த சிசுவைத் தண்டிக்கிறவர் என்ன கடவுள் என்ற அவருடைய கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கும்போதே 430இல் அகுஸ்தினார் இறந்தார். அந்த நூல் முடியவில்லை.

வாதத்தில் வென்றது அகுஸ்தினார் பக்கம். விலை கொடுத்தது பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தகப்பன்மார். அயர்லாந்து முழுக்க 'கில்லீன்' என்ற சிறு புதைநிலங்கள் இருக்கின்றன. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தையை மந்திரித்த கல்லறைத் தோட்டத்தில் புதைக்கக் கூடாது என்பது அன்றைய விதி. ஆகவே இடிந்த கோயிலின் ஓரம், வயலின் எல்லை, கடற்கரை மேடு. பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகு தகப்பனோ உறவுக்காரரோ தூக்கிக்கொண்டு போவார்கள். பெயர் வெட்டாத ஒரு கல்தான் அடையாளம். இருபதாம் நூற்றாண்டிலும் இது நடந்தது.

இடைக்கால இறையியலார் அந்தக் குழந்தைகளுக்கு மோட்சமும் இல்லாத, வேதனையும் இல்லாத 'லிம்போ' என்ற இடத்தை யோசித்து வைத்தார்கள். திருச்சபை அதை ஒருபோதும் விசுவாச சத்தியமாக அறிவித்ததில்லை. 1969இல் வந்த அடக்கச் சடங்கு நூலில் இந்தக் குழந்தைகளுக்கும் ஜெபங்கள் சேர்ந்தன. 1992இன் மறைக்கல்வி நூல் அவர்களை இறைவனின் இரக்கத்திடம் ஒப்படைத்தது. 2007இல் வத்திக்கானின் இறையியல் ஆணையம், அவர்கள் மீட்படைவார்கள் என்று நம்ப வலுவான காரணங்கள் உண்டு என்றது. நல்ல செய்திதான். இருட்டில் சின்னப் பெட்டியைத் தூக்கிப் போனவர்களுக்கு அது எட்டவில்லை.

6

இதே திருச்சபை டிசம்பர் 28இல் மாசில்லாக் குழந்தைகள் திருநாளைக் கொண்டாடுகிறது. பெத்லகேமில் ஏரோது கொல்லச் சொன்ன, இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள். ஞானஸ்நானம் பெறாதவர்கள். யாருக்காகச் சாகிறோம் என்று தெரியாதவர்கள். ஆனாலும் புனிதர்கள், வேதசாட்சிகள். அவர்கள் சிந்திய இரத்தமே ஞானஸ்நானம் என்று விளக்கம் சொன்னார்கள். வாதம் சாத்திய கதவை வழிபாடு ஒருக்களித்தே வைத்திருந்தது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

பிளெமிய ஓவியர் பீட்டர் புரூகல் 1560களில் இந்தக் கொலையை வரைந்தார். பனி மூடிய தம் நாட்டுக் கிராமம் ஒன்றில் நடப்பதாக. படம் பிராகாவில் இருந்த பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் கைக்குப் போனது. பிற்பாடு குழந்தைகள்மேல் சாயம் பூசப்பட்டது. அவர்கள் இருந்த இடங்களில் மூட்டைகள், தின்பண்டங்கள், விலங்குகள். கொலை வெறும் கொள்ளையாகிவிட்டது. இன்று அந்தப் படம் பிரிட்டிஷ் அரச குடும்பச் சேகரிப்பில் இருக்கிறது. பூசியவரால் அழிக்க முடியாதது பெண்களின் முகங்களை. ஒரு மூட்டைக்காகவா இப்படிக் கதறுகிறாள் என்று பார்ப்பவர் யோசிக்கும்போது சாயம் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பிளாரன்சின் பிரங்காச்சி சிற்றாலயத்தில் 1420களில் மசாச்சோ தீட்டிய சுவரோவியம் வேறு மாதிரி. ஏதேனைவிட்டு இருவரும் வெளியே வருகிறார்கள். ஏவாள் உடலைக் கைகளால் மறைத்துக்கொண்டு, வாய் திறந்து ஓலமிடுகிறாள். ஆதாம் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொள்கிறான். உடம்பைப் பற்றி அவனுக்கு நினைவே இல்லை. 1680 வாக்கில் யாரோ இருவருக்கும் இடுப்பில் இலைக்கொடி வரைந்து மறைத்தார்கள். 1980களில் சுத்தம் செய்தபோதுதான் அது நீங்கியது. இலை வரைந்தவர்கள் வெட்கம் இடுப்பில் இருக்கிறது என்று நினைத்தார்கள். மசாச்சோவுக்கு அது முகத்தில்.

7

செய்ததை மறைப்பது ஒன்று. செய்தவனைப் போர்த்துவது வேறொன்று. தோலாடை எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்தால் வித்தியாசம் விளங்கும். விசாரணை முடிந்தது. மண்ணுக்கும் பாம்புக்கும் பெண்ணுக்கும் ஆணுக்கும் தீர்ப்பு சொல்லியாயிற்று. வெளியேற்றுவது ஒன்றுதான் பாக்கி. அந்த இடைவெளியில் ஒரே ஒரு வசனம்: ஆண்டவர் தாமே ஆடை செய்து உடுத்துகிறார். தீர்ப்பில் ஒன்றையும் குறைக்கவில்லை. தோட்டத்திலேயே இருந்துகொள் என்றும் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் புறப்படும் மகனின் பையில், ஒரு வார்த்தை பேசாமல் போர்வையை மடித்து வைக்கும் தாய் செய்கிற காரியம் இது.

நான்காம் நூற்றாண்டில் நிசிபிசிலும் எடெசாவிலும் வாழ்ந்த எஃப்ரேமும் அவருடைய சிரியாக் மரபும் இந்த ஆடைக் கதையை இன்னும் நீட்டுகிறார்கள். ஏதேனில் ஆதாம் ஒளியை உடுத்தியிருந்தான். விழுந்தபோது அது நழுவிப் போனது. கிறிஸ்து யோர்தானில் இறங்கியபோது அந்த ஆடையை ஆற்று நீரில் விட்டுவைத்தார். ஞானஸ்நானம் பெறுகிறவர் அங்கிருந்து எடுத்து உடுத்துகிறார்.

இந்தப் பார்வையில் ஓர் ஆறுதல் உண்டு. கிறிஸ்தவ நம்பிக்கை நம்மை ஏதேனின் ஆடையில்லாத நிலைக்குத் திருப்பி அனுப்புவதில்லை. கெட்ட குமாரன் வீடு திரும்பும்போது தகப்பன் அவனுக்கு உயர்ந்த அங்கியைக் கொண்டுவரச் சொல்கிறார். அவன் மனப்பாடம் செய்து வந்த மன்னிப்பை முழுதாகச் சொல்லி முடிக்கக்கூட விடவில்லை. வெளிப்படுத்தின விசேஷத்தின் பெருங்கூட்டம் வெள்ளை அங்கி தரித்து நிற்கிறது. அதுவும் துவைத்து வெளுத்த அங்கி. அழுக்கே படாத துணிக்கு அங்கே பேச்சில்லை.

நம் கோயில்களிலும் தண்ணீர் ஊற்றியதும் குழந்தையின்மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்துகிறார்கள். ஞானத்தகப்பன் கையில் மெழுகுதிரி. இந்த ஆடையை மாசுபடாமல் நித்திய வாழ்வுவரை கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும் என்று குருவானவர் கேட்டுக்கொள்கிறார். போட்டோ எடுத்து முடிப்பதற்குள் குழந்தை அதன்மேல் பால் கக்கிவிடுகிறது. ஞானத்தாய் முந்தானையால் துடைத்துவிடுகிறாள்.

8

புதுநன்மை வாங்க முன்பெல்லாம் பல இடங்களில் பத்து, பன்னிரண்டு வயதுவரை காத்திருக்க வேண்டும். 1910 ஆகஸ்டில் திருத்தந்தை பத்தாம் பயஸ் அதை மாற்றினார். புத்தி விவரம் தெரிகிற வயது, ஏறத்தாழ ஏழு, போதும் என்றார். நன்மைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம். அதற்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் பக்கத்தில் நின்றால் இப்படிக் காதில் விழும்:

"நீ என்னடா சொல்லப் போற?"

"பொய் சொன்னேன், அம்மா பேச்சக் கேக்கல, தங்கச்சிய அடிச்சேன்."

"எனக்குத் தங்கச்சி இல்லியே."

"அப்ப எந்தங்கச்சிய அடிச்சேன்னு சொல்லு."

பாவம் இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயம். கடன் வாங்கிய பாவத்தைச் சொல்லும்போது, பொய் என்ற சொந்தப் பாவம் ஒன்று கணக்கில் ஏறிவிடுகிறது. இயேசுவும் பிள்ளைகளை நன்றாகக் கவனித்தவர்தான். சந்தையில் விளையாடும் பிள்ளைகள், நாங்கள் குழல் ஊதியும் நீங்கள் ஆடவில்லையே என்று முறைத்துக்கொள்வதை அவரே சொல்கிறார். பிள்ளைகளைப்போல் ஆகாவிட்டால் பரலோக ராஜ்யம் இல்லை என்றபோது, பிள்ளைகளிடம் பாவமே கிடையாது என்று அவர் சொன்னதாக எங்கும் இல்லை. யார் பெரியவன் என்று சீடர்கள் கேட்டார்கள். அவர் கூட்டத்திலேயே சின்னதைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார்.

9

பாடுகளின் கதையில் நான் குற்றமற்றவன் என்று எல்லார் முன்னிலும் அறிவிக்கிறவர் ஒருவர்தான்: பிலாத்து. தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கையும் கழுவுகிறார். குற்றமற்றவரோ பேசாமல் நிற்கிறார்.

கையில் கறை படக்கூடாது என்பதே ஒருவனுக்கு எல்லாமாகிவிட்டால், அவன் கண்முன்னால் யார் செத்தாலும் சும்மா இருப்பான். இதை அதிகம் யோசித்தவர் டீட்ரிக் போன்ஹோஃபர். ஹிட்லரைக் கவிழ்க்கும் சதியில் சேர்ந்த லூத்தரன் போதகர். பிறருக்கான பொறுப்பைவிடத் தன் குற்றமின்மையைப் பெரிதாக நினைப்பவன், அதனாலேயே இன்னும் பெரிய குற்றத்துக்குள் போகிறான் என்று அவர் கண்டார். அதற்காகத் தங்கள் தரப்பை வெள்ளையடிக்கவும் இல்லை. 1942 முடிவில் நெருங்கிய சிலருக்காக எழுதிய கட்டுரையில், கொடுமைகளைப் பார்த்தும் வாய்மூடி இருந்ததையும், வேஷம் போடப் பழகியதையும், மழுப்பிப் பேசக் கற்றதையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, இனி நம்மால் யாருக்காவது பிரயோஜனம் உண்டா என்று கேட்கிறார். 1945 ஏப்ரல் 9இல் ஃப்ளோசன்பர்க் முகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

10

யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் ஒரு வசனம் உண்டு. கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்கு அது சிரிப்பை வரவழைக்கும். உயிர்த்த இயேசு கரையில் நிற்கிறார். படகு ஏறத்தாழ இருநூறு முழத் தொலைவில். ஆண்டவர்தான் என்று கேள்விப்பட்டதும், உடம்பில் துணியில்லாமல் வேலை செய்துகொண்டிருந்த பேதுரு மேலாடையை எடுத்துக் கட்டிக்கொண்டு கடலில் குதிக்கிறார். கடலில் குதிக்கிறவன் துணியைக் கழற்றுவான். கட்டிக்கொண்டு யார் குதிப்பார்?

ஆதாமும் அப்படித்தான் ஆண்டவரின் அரவம் கேட்டான், அவனும் ஆடையில்லாதவன். அவன் மரங்களுக்குள் ஓடினான். மும்முறை மறுதலித்த பேதுரு ஆண்டவர் இருக்கும் திசையில் நீந்துகிறார்.

கரையில் கரிநெருப்பு. மறுதலித்த இரவில் குளிர்காய்ந்ததும் கரிநெருப்பில்தான். ஏன் அப்படிச் செய்தாய் என்று இயேசு கேட்கவில்லை. என்மேல் அன்பாயிருக்கிறாயா என்று மூன்று தடவை கேட்கிறார். மூன்றாம் தடவை பேதுருவுக்கு மனம் நோகிறது. எல்லாரும் ஓடினாலும் நான் ஓடமாட்டேன் என்று சொன்ன பழைய பேதுரு இங்கே இல்லை. அவருக்குத் தன்னைத் தெரியாது. இவருக்குத் தெரியும், ஆண்டவருக்கு எல்லாம் தெரியும் என்பதும் தெரியும். ஆட்டுக்குட்டிகளை மேய்க்கும் பொறுப்பு இவரிடம்தான் வருகிறது.

அதோடு இயேசு இன்னொன்றும் சொல்கிறார். இளவயதில் நீயே அரைக்கச்சை கட்டிக்கொண்டு விரும்பிய இடத்துக்குப் போனாய். வயதானபின் நீ கைகளை நீட்டுவாய், வேறொருவன் உனக்குக் கட்டுவான் என்கிறார். பேதுருவின் மரணத்தைக் குறிப்பதாக நற்செய்தி இதற்கு விளக்கம் தருகிறது. நான் அதோடு இன்னொன்றையும் சேர்த்து வாசிக்கிறேன். கைகளை நீட்டிக்கொண்டு நின்று, பிறர் உடுத்திவிட விடுகிறவர்கள் பிள்ளைகளும்தான். பிள்ளைகளைப்போல் ஆகுங்கள் என்றதற்கு எனக்கு விளங்கும் அர்த்தம் இதுவரைதான். இழந்த கள்ளமின்மை திரும்பி வராது. வரும் என்று வேதமும் வாக்குக் கொடுக்கவில்லை. அரிக்கிற இலையை நாமே அவிழ்த்துப் போட்டுவிட்டு, கொடுக்கப்படுகிற துணிக்குக் கையை நீட்டலாம். பேதுருவுக்கு அது ரோமில் சிலுவைவரை கொண்டுபோய்விட்டது என்கிறது திருச்சபையின் மரபு. ஆகவே சுலபமான காரியம் என்று சொல்லமாட்டேன்.